பூனைக்கு நள்ளிரவில் முடியாமல் போனால்: எந்த முடிவை எப்போது எடுப்பது

ராத்திரி ஒரு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அக்கா, காப்பாத்த முடியுமா, இல்ல விட்டுடலாமா?" அந்த நேரத்தில் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பூனைக்கு என்ன வியாதி என்றே இன்னும் தெரியாது. பத்து வருடமாகத் தெருப்பூனை, வீட்டுப்பூனை என்று கூடையில் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒன்று புரிந்தது. புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை முதலில் எடுக்கப் பார்க்கிறார்கள். அதனால் முதலில் எடுக்க வேண்டியது, அதாவது கிளம்புவதா வேண்டாமா என்பது, தள்ளிப்போய்விடுகிறது.

கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முடிவுதான். டாக்டரிடம் போய்ச் சேரும்வரை நம் வேலை என்ன, அவர் எதிரில் நிற்கும்போது நம் வேலை என்ன என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். வைத்தியம் அவர் பாடு.

1. பூனை நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை

இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மேப்பில் "24 மணி நேரமும்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர் நேரில் இருப்பாரா? பூனை பார்ப்பாரா? ஆக்சிஜன் இருக்கிறதா? உதவியாளர் மட்டும் படுத்திருக்கும் இடங்களும் உண்டு, நாய்க்கே பழகிப்போன இடங்களும் உண்டு.

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. எந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று முன்பே விசாரித்து வையுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஆடு மாடுகளை மனத்தில் வைத்து வந்தது. பூனைக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் பூனையின் சாதாரண நிலை என்ன என்று குறித்து வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழியுங்கள். மாதம் ஒருமுறை போதும். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது பத்து சதவீதம். ரோமத்துக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது.

அது தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சில பூனைகளுக்கு ஈறிலேயே கறுப்புத் திட்டு இருக்கும். அவசரத்தில் பார்த்துவிட்டு நீலம் பாரித்துவிட்டது என்று அலறியவர்களை எனக்குத் தெரியும்.

கேரியரைப் பரணில் போடாதீர்கள். கூடத்தில் திறந்தே கிடக்கட்டும், பழைய துண்டு ஒன்று உள்ளே. ஊசி போடும் நாளில் மட்டும் கண்ணில் படும் பெட்டிக்குள் எந்தப் பூனையும் போகாது.

வீட்டில் பேச வேண்டியதும் ஒன்று உண்டு: கையெழுத்துப் போடுவது யார், யாரையும் கேட்காமல் அவர் எவ்வளவு வரை செலவு செய்யலாம். துபாயில் இருக்கும் கணவர் போனை எடுக்கும்வரை சிகிச்சை நின்ற ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

2. முதல் முடிவு: இப்போதே கிளம்புவதா, விடியட்டும் என்று பார்ப்பதா

பூனை வலியை மறைக்கும். கட்டிலுக்கு அடியில் போய் அமைதியாக உட்கார்ந்திருப்பதை "தூங்குது" என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

மூச்சு. நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி உட்கார்ந்து வயிற்றால் மூச்சு இழுத்தாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினாலோ அது அவசரம். நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். எதுவானாலும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

சிறுநீர். ஆண் பூனை மண் பெட்டிக்கு ஓடி ஓடிப் போகிறது, முக்குகிறது, கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பெட்டியில் ஈரம் இல்லை. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பூசணி என்ற எங்கள் கடுவன் பூனை ஒரு சனிக்கிழமை குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து, இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ஸ்பூன் நெய் கொடுத்தேன். ராத்திரி தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு ஈரம் தெரிந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் பதினான்கு மணி நேரம் போய்விட்டது. சிறுநீர் அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நேரத்தோடு அடைப்பை எடுத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. முக்குவது எதற்கென்று சந்தேகம் வந்தால், ஆண் பூனையாக இருக்கும் பட்சத்தில், சிறுநீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு போய், கத்தி, தொட்டால் கால் சில்லென்று இருந்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மேலிருந்து விழுந்தது என்று நினைத்துத் தைலம் தடவுவார்கள். வலி தாங்க முடியாத வியாதி இது. பிழைக்கும் பிழைக்காது என்பதெல்லாம் அப்புறம், அந்த வலிக்காகவே உடனே கிளம்ப வேண்டும்.

வலிப்பு, மயக்கம், நிற்காத ரத்தம், வெள்ளை வெளேரென்ற ஈறு, பால்கனியிலிருந்து விழுந்தது, பாம்புக்கடி, விஷம் இதற்கெல்லாம் யோசனையே வேண்டாம். மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் நெஞ்சுக்குள் காயம் இருக்கலாம்.

மலவாயில் வெப்பமானி வைக்கத் தெரிந்தவர்களுக்கு: சாதாரண சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. காய்ச்சலுக்குப் பயப்படுகிறவர்கள் சூடு குறைவதைக் கவனிப்பதில்லை. 37-க்குக் கீழே போன பூனை காய்ச்சல்காரப் பூனையைவிட ஆபத்தில் இருக்கிறது. வைக்கத் தெரியாதென்றால் விடுங்கள், அதற்காகப் பூனையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விடியும்வரை பொறுக்கலாம் என்பவையும் உண்டு. ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்து, பிறகு தண்ணீர் குடித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பூனை. ஒரு வேளை சாப்பிடாத பூனை. நொண்டினாலும் நடமாடும் பூனை. இரண்டு நாள் முழுப்பட்டினி என்றால் அது இந்தப் பட்டியலில் சேராது, குண்டுப் பூனைகளுக்கு முக்கியமாக. பட்டினியில் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து, ஈரலே கெட்டுவிடும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. மாலையில் சோர்ந்த குட்டி காலையில் இருக்காது.

3. கிளம்பும் முன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள்

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். மனிதனுக்கு உள்ள மாதிரி அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு சாக்லெட் நிறமாகும், முகம் வீங்கும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் ஆகாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று சொன்னால் அதற்கு மாற்று மருந்து உண்டு. "ஒண்ணுமே கொடுக்கலை டாக்டர்" என்று வெட்கப்பட்டுச் சொன்ன ஒருவருக்கு இரண்டு மணி நேரம் வீணானது.

நாய்க்கு உண்ணி போக ஊற்றும் மருந்தைப் பூனைக்கும் ஊற்றியிருந்தால் அதில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். நடுக்கமும் வலிப்பும் வரும். வலிப்பு வராமல் நினைவோடு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டுக் கிளம்பலாம். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவுவதெல்லாம் அங்கே போய்.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். துவண்டு கிடக்கும் பூனையின் வாயில் சிரிஞ்சால் தண்ணீரோ பாலோ செலுத்தாதீர்கள். விழுங்கும் தெம்பு இல்லாத பூனைக்கு அது நுரையீரலுக்குள் போகும். அடைப்பு என்று தெரிந்தால் அடிவயிற்றை அமுக்கக் கூடாது, மூத்திரப்பை வெடித்துவிடும்.

நூல் விஷயம் தனி. தையல் நூல், பூக்கட்டும் நூல், மாஞ்சா இவை வாயிலோ பின்னாலோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை நாக்குக்கு அடியில் சுற்றியிருக்கும், அல்லது குடலுக்குள் எங்காவது மாட்டியிருக்கும். இழுத்தால் ரம்பம் போல அறுக்கும். நீளமாகத் தொங்குவதைப் பூனை மிதிக்காதபடி கத்தரித்துவிட்டு அப்படியே கொண்டு போங்கள்.

விஷம் என்றால் அட்டை, புட்டி, கடித்த இலை எல்லாவற்றையும் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். சாப்பிட்ட அன்று பூனை நன்றாக இருப்பது போலத் தெரியலாம். அந்த முதல் நாளில்தான் காப்பாற்ற முடியும் என்பதால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

4. கொண்டு போவது

கேரியர் இல்லையென்றால் துணி போடும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டுங்கள். தலையணை உறையும் ஆபத்துக்கு உதவும், மூச்சுத் திணறும் பூனைக்கு மட்டும் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகாதீர்கள். சாகக் கிடக்கும் பூனைகூட ஒரு லாரி ஹாரனில் துள்ளி வெளியே பாயும்.

மூச்சுத் திணறும் பூனையைப் படுக்க வைக்காதீர்கள், அணைக்காதீர்கள். அது எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே விடுங்கள். சூடு குறைந்த பூனைக்கு வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அடைபட்டு மூச்சு வாங்கும் பூனைக்கு ஈரத்துணியும் காற்றும் போதும், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பூனையைச் சேர்த்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப்பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

போகும் வழியிலேயே போன் செய்யுங்கள். நான் ஒரு சீட்டில் எழுதி வைத்துப் படித்துவிடுவேன், இல்லையென்றால் பதற்றத்தில் அதன் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கிவிடுவோம்: "ஆண் பூனை, 5 வயசு, 4.6 கிலோ, கருத்தடை ஆனது. காலையிலிருந்து சிறுநீர் இல்லை, இப்போ வாந்தி. நெய் தவிர வேறு எதுவும் கொடுக்கலை. இருபது நிமிஷத்துல வந்துடுவோம்." இவ்வளவு போதும். அவர்கள் அடைப்பை எடுக்கும் குழாயை (கதீட்டர்) எடுத்து வைத்திருப்பார்கள்.

5. முதல் அரை மணி நேரம்: நிலைப்படுத்தச் சம்மதம்

உள்ளே போனதும் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். இங்கேதான் பலர் உறைந்து நிற்கிறார்கள். சம்மதம் கொடுத்துவிட்டால் கடைசிவரை எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்ற பயம். அப்படிக் கிடையாது. ஆக்சிஜன், வலி ஊசி, ட்ரிப்ஸ், உடம்புச் சூட்டை ஏற்றுவது இவற்றுக்கு மட்டும் உடனே சரி சொல்லுங்கள். பிறகு கருணைக்கொலை என்று முடிவானாலும் அதுவரை பூனை வலியில்லாமல் இருக்கும். பிழைக்கும் என்று ஆனால் அந்த அரை மணி வீணாகியிருக்காது. இரண்டு பக்கத்துக்கும் பொருந்துவதால் இதற்கு யோசனை தேவையில்லை.

மூச்சுத் திணறும் பூனைக்கு "முதல்ல எக்ஸ்ரே எடுங்க டாக்டர்" என்று நெருக்காதீர்கள். மேசையில் படுக்க வைத்துக் காலை இழுத்துப் பிடிக்கும்போதே உயிர் போகலாம். ஆக்சிஜனில் வைத்துவிட்டு டாக்டர் சும்மா நிற்பது போலத் தெரியும். அவர் காத்திருப்பதும் வைத்தியம்தான்.

வலி ஊசி போட்டாகிவிட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-ல் வெளியிட்ட முகக்குறி அளவை நமக்கு இங்கே கைகொடுக்கும். காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் சுருங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை விறைத்து நீண்டிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பு. மொத்தம் பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்து வேண்டும் என்று அர்த்தம். "கத்தலையே, வலி இருக்காது" என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

6. எந்தப் பரிசோதனை முடிவை மாற்றும்

கையில் அளவான பணம் இருப்பவர்கள் செய்யும் தவறு, முதல் இரவிலேயே எல்லா டெஸ்டுக்கும் கொடுத்துவிட்டு சிகிச்சைக்குக் காசில்லாமல் நிற்பது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே கேள்வி: "இது இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அது காலை வரை காத்திருக்கும்.

பெரும்பாலும் முதலில் தேவைப்படுவது ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறதா என்று காட்டுவது), பொட்டாசியம். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் இருக்கிறதா என்று ஸ்கேன் கருவியை வைத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தி, கழிச்சல் என்றால் பூனை பார்வோ எனப்படும் பான்லுக்கோபீனியாவுக்கான கிட் சோதனை.

ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிரியேட்டினின்தான் இதில் பெரிய ஏமாற்றுக்காரன். சிறுநீர் அடைத்த பூனைக்கும், நீர் வற்றிப்போன பூனைக்கும் அது தாறுமாறாக ஏறும். அடைப்பு நீங்கி ட்ரிப்ஸ் ஏறியதும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். பூசணிக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கூட வந்த என் தம்பி "கிட்னி ஃபெயிலியர், அக்கா, விட்டுடலாம்" என்றே சொல்லிவிட்டான். போனில் தேடிப் பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் அது சாதாரண அளவுக்கு வந்தது. வருடக்கணக்காக இளைத்துக்கொண்டே வந்த, நிறையத் தண்ணீர் குடிக்கும் பதினைந்து வயதுப் பூனைக்கு அதே எண் வந்தால் கதை வேறு. ஆகவே கேட்க வேண்டியது: "இது திடீர்னு வந்ததா, பழசா? ட்ரிப்ஸ் கொடுத்து எப்போ திரும்பப் பார்ப்பீங்க?"

பழைய தகவலை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்ஐபி என்ற வியாதி பேரைக் கேட்டாலே சில வருடம் முன்புவரை கருணைக்கொலைதான். இன்று ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 12 வாரம் கொடுத்து நிறையப் பூனைகள் குணமாகின்றன. மருந்து எங்கே கிடைக்கும், மொத்தச் செலவு என்ன என்பதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

7. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"உங்க பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?" எல்லோரும் கேட்பது இது. நானும் கேட்டிருக்கிறேன். நேர்மையான டாக்டருக்குக்கூட இதற்குப் பதில் சொல்வது கஷ்டம், அவருக்கு மருந்து அடக்க விலைக்குக் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. இதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள், பதிலைப் போனில் எழுதிக்கொள்ளுங்கள்.

இது குணமாகக்கூடியதா, கட்டுக்குள் வைக்கக்கூடியதா, இரண்டும் இல்லையா? இந்த மாதிரி பத்துப் பூனை வந்தால் எத்தனை வீட்டுக்குப் போகும்? போனால் எப்படி இருக்கும், முன்பு போலவா, தினமும் மருந்தோடா? எத்தனை நாளில் தேறுகிறதா இல்லையா என்று தெரியும்? அந்த நாளில் எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

கடைசி இரண்டு கேள்விகளைத்தான் யாரும் கேட்பதில்லை. அடுத்த படியே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

8. பணம்

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். பூனை மேல் பாசம் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. சேர்க்கும்போதே குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் கணக்கா, மொத்தக் கணக்கா என்று கேளுங்கள். "இந்தத் தொகையைத் தாண்டும் முன் எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி, அதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். நள்ளிரவில் யூபிஐ சில நேரம் நின்றுவிடலாம் என்பதால் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

வரம்பைச் சொல்லிவிட்டால் டாக்டரும் அதற்குள் என்ன செய்யலாம் என்று யோசிப்பார். அடைப்பை எடுத்துவிட்டு மூன்று நாள் அங்கேயே வைப்பதற்குப் பதில் பகலில் மட்டும் ட்ரிப்ஸுக்குக் கொண்டு வருவது போன்ற இரண்டாம் வழிகள் உண்டு. கொஞ்சம் ஆபத்து கூடும், அதையும் சொல்லச் சொல்லுங்கள். முழு வழியைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டு பூனையை வீட்டுக்குத் தூக்கிப் போவதுதான் மோசம். வலி மருந்துகூட இல்லாமல் அது இரண்டு நாள் கிடக்கும்.

9. கெடு வைத்த சிகிச்சை

பிழைக்குமா தெரியவில்லை என்னும்போது ஒரு கெடு வையுங்கள். "48 மணி நேரம் பார்ப்போம். அதற்குள் சிறுநீர் வர வேண்டும், பொட்டாசியம் இறங்க வேண்டும், தலை தூக்க வேண்டும்." பூனை பார்வோவில் ஐந்து நாளைத் தாண்டிய குட்டி பெரும்பாலும் தப்பித்துவிடும், ஆகவே அங்கே கெடு ஐந்து நாள். பின்னங்கால் ரத்தக்கட்டியில் இரண்டு காலும் போய், உடம்புச் சூடும் குறைந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே நான் முதல் நாளிலேயே நிறுத்துவது பற்றிப் பேசச் சொல்வேன்.

கெடுவை எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் பூனை நம்மைப் பார்த்து ஒரு தடவை வாலை அசைக்கும். அந்த ஒரு அசைவுக்கு இன்னும் மூன்று நாள் கொடுப்போம். அதன் பிறகும் ஒன்று வரும். எழுதிய தாள் இருந்தால், அன்று தெளிவாக யோசித்தவர் யார் என்று தெரியும்.

சேர்த்திருக்கும்போது தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் போன் செய்யுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். என்ன சாப்பிட்டது, எத்தனை மில்லி சிறுநீர், சூடு எவ்வளவு, வலிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

10. தேறி வீட்டுக்கு வந்தால்

சிறுநீர் அடைப்பு முதல் வாரத்தில் திரும்ப வருவது சகஜம். பூசணியை அழைத்து வந்த பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், மண்ணில் சிறுநீர் பட்டுக் கட்டிய ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். எட்டு மணி நேரம் கோடு இல்லையென்றால் போன். உலர் தீனியை நிறுத்தி ஈரத் தீனிக்கு மாற்றச் சொன்னார்கள், பூசணியும் அதை உடனே ஏற்றுக்கொண்டது. மற்றப் பூனைகள் ஆஸ்பத்திரி வாசனையைப் பார்த்துச் சீறும், இரண்டு நாள் தனி அறை கொடுங்கள்.

11. நிறுத்துவது

டாக்டர் ஆலிஸ் வில்லலோபோஸ் தந்த ஏழு அம்ச அளவையைப் பல டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்: வலி (மூச்சுச் சிரமமும் இதில் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். தினம் குறித்து வைக்க நல்லது. மொத்தத்தை மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூச்சுக்குத் திணறும் பூனைக்கு மற்ற ஆறிலும் நல்ல மதிப்பெண் வந்து என்ன பயன்? வலியிலோ மூச்சிலோ பூஜ்யம், அதை மருந்தால் ஏற்ற முடியவில்லை என்றால் மொத்தத்தைக் கூட்டவே வேண்டாம்.

"இயற்கையாப் போகட்டும், நாம ஏன் பாவம் சுமக்கணும்?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எதிர் வீட்டு அம்மா சொன்னபோது நான் வாதாடவில்லை. சிறுநீரகம் போன பூனை இயற்கையாகப் போக எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று டாக்டரையே அவருக்குச் சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு அவரே துண்டை எடுத்து வந்தார்.

முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்க ஊசி, பூனை முழுமையாக மயங்கிய பிறகு அளவுக்கு மீறிய மயக்க மருந்து நரம்பில். முதல் ஊசி இல்லாமல் நேராகச் செய்வதாகச் சொன்னால், முதல் ஊசி வேண்டும் என்று கேளுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் மூடாது. ஒன்றிரண்டு மூச்சு இழுத்தது போல வரலாம், சிறுநீர் போகலாம். இது தெரியாமல் நின்றவர்கள் "உயிர் இருக்கே, எழுப்புங்க" என்று கதறியிருக்கிறார்கள். கூட இருப்பதா வெளியே நிற்பதா என்பது உங்கள் விருப்பம். பில்லை முன்னாலேயே கட்டிவிடுங்கள், முடிந்த பிறகு கவுன்டரில் வரிசையில் நிற்பது கொடுமை.

12. அதற்குப் பிறகு வீட்டில்

உடலைப் புதைக்க இடம் இல்லையென்றால் எரியூட்டும் வசதி எங்கே என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். இருக்கும் மற்றப் பூனைகளில் ஒன்று ஒருநாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்.

பூனை பார்வோவில் போயிருந்தால் அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். டெட்டாலுக்கு அது சாகாது. பினாயில் ஊற்றாதீர்கள், மிச்சம் இருக்கும் பூனைக்கு அது விஷம். திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். மண் பெட்டி, துணி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். அடுத்த குட்டி வருவதாக இருந்தால், அது இருக்கும் இடத்திலேயே தடுப்பூசிகள் போட்டு முடித்து, கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்.